பார்ட்டிக்குக் காட்டிய நடை

தினக்காலண்டரில் தேதியைக் கிழித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், என் எழுத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். 'தினமும் காலையில் நடங்கள்', 'வெறும் வயிற்றில் வெந்தயம் நல்லது', 'கோபம் வந்தால் தண்ணீர் குடியுங்கள்' வகையறா. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் திருத்துவதும் இந்தப் பின்பக்கங்களை நிரப்புவதும்தான் இருபது வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து அறிவுரை. லீப் வருஷத்தில் ஒன்று கூடுதல், சம்பளம் அதேதான். எழுதுகிறவனும் அதன்படி நடக்க வேண்டும் என்று வேலையில் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வந்த நோய் தாளின் பின்பக்கத்தில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஒருவராவது தன் வீட்டு மனிதரின் நடையை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் போதும்.

ஆரம்பம் சர்க்கரைதான். விருதுநகர் டாக்டர் மாத்திரையோடு தினம் இரண்டு கிலோமீட்டர் நடக்கவும் எழுதிக் கொடுத்தார். என் மனைவி ஜெயாவின் தம்பி முருகேசன், பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் வைத்திருப்பவன். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரிடமோ வாங்கிய ஒரு செல்போனை என் கையில் கொடுத்தான்.

"அத்தான், இதுக்குள்ள நடைய எண்ணுற சாஃப்ட்வேர் இருக்கு. சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்தா போதும்."

"நான் நடக்கிறது எனக்கே தெரியும் மாப்ள. இதுக்கு எதுக்கு ஒரு சாட்சி?"

"நடக்கீகன்னு தெரியும். எம்புட்டுன்னு தெரியாதுல்ல?"

அது எண்ணுவது காலடிகளை மட்டும்தான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று நாம் சொல்லி வைத்தால், பெருக்கித் தூரத்தைச் சொல்லும். ஜெயா தையல் டேப்பை எடுத்து வந்து வாசலில் என்னை நடக்கவிட்டு அளந்தாள். எழுபது. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு எடைமேடை இருக்கிறது, லாரிகளை ஏற்றி நிறுத்தும் இடம். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை ஒரு கிலோமீட்டர் என்பது முருகேசன் வேனின் மீட்டர் சொன்ன கணக்கு. போய்த் திரும்பினால் டாக்டர் கேட்ட இரண்டு. முதல் நாள் செல்போனும் இரண்டு என்றே சொன்னது. எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

சில மாதங்களில் அது இரண்டும் சொச்சமும் என்றது. பிறகு இரண்டே கால். எடைமேடை இடம் மாறவில்லை, என் வீடும் வாடகை வீடுதான் என்றாலும் அங்கேயே இருந்தது. ஆகவே தப்பு எந்திரத்துடையது என்று முடிவு செய்தேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் அச்சகத்துக்காரன். எங்கள் மிஷின்களில் ஓடும் தாளை எண்ணுவதற்கு ஒரு கவுன்டர் உண்டு. அதை எவனும் நம்ப மாட்டான். அது வெறுந்தாளையும் எண்ணும், இரண்டு தாள் ஒட்டிப் போனால் ஒன்றென்று எண்ணும். அது காட்டும் எண்ணை ஒருவர் பார்த்துத் திருத்திச் சொல்வதுதான் கணக்கு. எந்திரம் என்றால் தப்பாக எண்ணும், திருத்துவது மனிதன் வேலை என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

அதனால் நான் செல்போனுக்குள் போய் எழுபதை அறுபத்திரண்டாக்கினேன். தூரம் மறுபடி இரண்டுக்கு வந்து நின்றது. முந்தைய நாட்களின் பதிவையும் ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு இரண்டு என்று திருத்தினேன். அந்த சாஃப்ட்வேர் அதற்கும் இடம் கொடுத்தது. புரூஃப் திருத்தியே பழகிய கைக்கு அது ஒரு சுகம். இரண்டு மாதத்தில் அது மறுபடி அதிகம் சொல்ல ஆரம்பித்தது. அறுபத்திரண்டை ஐம்பத்தைந்தாக்கினேன்.

"இன்னைக்கும் அதை வழிக்குக் கொண்டாந்துட்டேன்" என்று ஜெயாவிடம் சொல்வேன்.

"அது உங்களுக்கு மட்டும்தான் அடங்கும்" என்பாள் அவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

இப்படி ஒன்றரை வருஷத்தில் முப்பத்தைந்து வரைக்கும் இறக்கினேன். நான் இறக்கிக்கொண்டிருந்தது எதை என்று யோசிக்கவில்லை.

அதே சமயத்தில் மற்றவையும் நடந்தன. கால் தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது. தரையில் யாரோ பைண்டிங் பசையைத் தடவி வைத்ததுபோல் இருக்கும். கிளம்பிவிட்டால் குட்டிக் குட்டியாக ஓடும், வாசற்படி வந்தால் நின்றுவிடும். "ஏங்க, ஏன் இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கீக? செருப்பு ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது" என்று ஜெயா கேட்டாள். செருப்புக் கம்பெனி மோசம் என்றேன். எடைமேடைக்குப் போய் வருவதற்குள் பால்காரரும் பேப்பர்காரரும் என்னை இரண்டு முறை கடந்து போனார்கள். போக்குவரத்து அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மூளை. அடுத்த வருஷக் காலண்டரின் புரூஃபில் ஐப்பசி அமாவாசை விடுபட்டுப் போனதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலண்டரில் அமாவாசை இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு முன்னோர்கள் பட்டினி. நல்லவேளை, பிளேட் போடும்முன் முதலாளி கண்ணில் பட்டது. அவர் திட்டவில்லை. "என்னாச்சு உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் எங்கேயோ தூரத்திலிருந்து நடந்து வந்தது, அதுவும் என்னைப் போலவே.

மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த நோயில் அதை மறைக்கிறவர்கள்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ஒருநாள் அச்சகத்தில் நாற்காலியிலேயே சிறுநீர் போய்விட்டது. போகிறது என்று தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டதுபோல் நடித்தேன். எல்லோரும் நம்பியதுபோல் நடித்தார்கள். மறுநாளிலிருந்து என் நாற்காலியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதற்கு மேல் துண்டை விரித்து வைத்திருந்தார்கள். யாரென்று இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு டாக்டர் சர்க்கரையால் நரம்பு போய்விட்டது என்றார். இன்னொருவர் நடுக்குவாதம் என்றார். நடுக்கம் இல்லையே என்றதற்கு, வரும் என்றார். அவர் கொடுத்த மாத்திரைக்கு வாந்தி மட்டும் வந்தது. ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தேன். உடம்பில் பலம் இருந்தது. எழுந்திருப்பது எப்படி என்பதுதான் மறந்திருந்தது. ஜெயா தம்பிக்குப் போன் போட்டாள். முருகேசன் கம்பெனி ஆட்களைப் பாதியில் இறக்கிவிட்டு வேனோடு வந்தான். மதுரைக்குப் போனோம். நான்குவழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த நேரம். சாலையை விட்டு இறங்கி ஏறும் ஒவ்வொரு மாற்றுப் பாதையிலும் என் தலை வேனின் கூரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனது.

மதுரையில் நரம்பியல் பிரிவின் வெளியே நீள பெஞ்சு. காத்திருப்பவர்கள் எல்லோரும் பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்திருப்பார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களைப் போல. உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது கவரைப் பிடித்திருக்கும் விதத்திலேயே செய்தி தெரிந்துவிடும். மார்போடு அணைத்திருந்தால் நல்லது. தொங்கவிட்டிருந்தால் கேட்கக் கூடாது.

எங்கள் ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. பொறுமையாகச் சொன்னார். மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன, அதில் தண்ணீர்போல் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் வடியும். எனக்கு அந்த அறைகள் பெருத்திருக்கின்றன. நான் எனக்குத் தெரிந்த உதாரணமாக வெம்பக்கோட்டை அணையை வைத்துப் புரிந்துகொண்டேன். வரத்து இருக்கிறது, ஷட்டர் மாட்டிக்கொண்டது. உள்ளே தேங்கிய தண்ணீர் பக்கத்து நிலத்தை முக்குகிறது. கால்களை நடத்தும் நரம்பும், சிறுநீரை அடக்கும் நரம்பும், சொல்லை எடுத்துத் தரும் இடமும் அந்தக் கரையோரத்தில்தான் இருக்கின்றனவாம்.

"தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?" என்றார்.

சாத்தூருக்குப் பக்கத்தில் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து தையல் போட்டது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அன்று உள்ளே கசிந்த ரத்தம் வடிகாலை அடைத்திருக்கலாம் என்றார்.

"ஆனா ஸ்கேனை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. மூளை சுருங்கினாலும் அறைகள் பெருசாத்தான் தெரியும். அப்படிச் சுருங்கியிருந்தா எங்ககிட்ட வைத்தியம் இல்லை. தண்ணி தேங்கினதுதான்னா ஒரு டியூப் வச்சு வடிச்சுவிடலாம், நடை திரும்ப வரும். ரெண்டுல எதுன்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு."

டெஸ்ட் இதுதான். முதலில் என்னை நடக்கவிட்டு, ஒரே தூரத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். பிறகு முதுகுத்தண்டின் கீழே ஊசி குத்தி, டீக்கடை கிளாசில் பாதியளவு திரவத்தை எடுப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி நடை. நடை தேறினால் ஆபரேஷன். தேறவில்லை என்றால் வீடு.

அதாவது என் மிச்ச ஆயுள் முழுவதும் வார்டுக்கு வெளியே ஒரு வராந்தாவில் நான் எப்படி நடக்கிறேன் என்பதைப் பொறுத்திருந்தது.

இங்கே அச்சகத்தில் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுத்தவரை நாங்கள் பார்ட்டி என்போம். பார்ட்டி மிஷின் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால், நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்த ஒரு தாளாகப் பொறுக்கி மேலே வைப்பார்கள். அதுதான் பார்ட்டி காப்பி. அவர் பார்த்து மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுப் போன பிறகு ஓடுவது ரன்னிங் காப்பி. அதில் அம்மனின் மூக்குத்தி சில சமயம் கன்னத்தில் இருக்கும். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. வருகிறவருக்கு நல்லதைக் காட்டுவது ஒரு மரியாதை. இந்த மரியாதையில் ஊறியவன் நான்.

வராந்தாவில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிக் கறுப்புக் கோடு. பிசியோதெரபிப் பெண் கையில் கடிகாரத்தோடு நின்று, "நடங்கப்பா, எப்பவும்போல நடங்க" என்றாள். கால் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோடு கண்ணில் பட்டது. அதைத் தாண்டி வைக்கலாமே என்று நினைத்தேன். கால் தாண்டியது. அடுத்த கோட்டைப் பார்த்தேன், அதையும் தாண்டியது. எப்படி என்று எனக்குத் தெரியாது. கோடு இருந்தால் என் கால் கோட்டுக்குக் கட்டுப்பட்டது. கடைசிவரை கோடு கோடாகத் தாண்டிப் போய், திரும்பி, நிமிர்ந்து நின்றேன். அந்தப் பெண் "சூப்பர்ப்பா" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என் நடையைப் பாராட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெயா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பாராட்டு இல்லை.

ஊசி போட்டார்கள். பக்கவாட்டில் சுருண்டு படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்க்க வேண்டும். வலியைவிட, முதுகுக்குப் பின்னால் எதுவோ சொட்டுகிறது என்ற எண்ணம்தான் கஷ்டம். சாயங்காலம் மறுபடி நடந்தேன். அதே கோடுகள், அதே தாண்டல். கணக்கும் அதே கணக்கு.

மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடையே ரொம்ப மோசம்னும் சொல்ல முடியலை. தண்ணி எடுத்தும் தேறலைன்னா ஆபரேஷன்ல பலன் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. தலையைத் திறக்கிற வேலை, சும்மா பண்ணக் கூடாது. மருந்து எழுதித் தர்றேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் புரிந்தது. ஆனால் மெதுவாகப் புரிந்தது. நேற்று நன்றாக நடந்ததால் இன்று நான் தேற மாட்டாதவன் ஆகிவிட்டேன் என்பது, ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வருவதுபோல் மனதுக்குள் வந்து சேர்ந்தது. சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சொல் வரவில்லை. "கோ... கோடு" என்றேன். டாக்டர் என்னைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பார்வையில் நான் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தேன்.

ஜெயா எழுந்திருக்கவில்லை.

"சார், இவரு உங்களுக்குக் காட்டுனது பார்ட்டி காப்பி."

"என்னம்மா?"

"பார்ட்டி வந்தா நல்ல தாளா எடுத்து மேல வைப்பாக, அது மாதிரி. ரன்னிங் காப்பி எங்க வீட்ல இருக்கு. அதை நீங்க பார்க்கவே இல்ல. இங்கன தரையில கட்டம் கட்டமா கோடு இருக்கு, அதைப் பார்த்துத் தாண்டித் தாண்டி வச்சாரு. எங்க வீட்ல வெறும் சிமெண்டுத் தரை. அடுப்படிக்கு வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போகும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கோட்டைப் பார்த்தா நடந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன், காப்பியடித்துப் பிடிபட்டவனைப் போல.

"எத்தனை நாளா நடை இப்படி?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லா டாக்டரிடமும் 'கொஞ்ச நாளா' என்றே சொல்லி வந்தோம். ஜெயா கைப்பையிலிருந்து அந்தச் செல்போனை எடுத்தாள். கோபத்தில்தான் எடுத்தாள்.

"இது ஒரு மிஷினு சார். நடைய எண்ணுமாம். எடைமேடைக்குப் போயிட்டு வந்தா ரெண்டு கிலோமீட்டர். இது கூடக் கூடச் சொல்லுதுன்னு இவரு உள்ள போயி உள்ள போயி அடியோட அளவைக் குறைச்சாரு. நான்தான் முதல்ல டேப்பு வச்சு அளந்தேன், எழுபது. ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து பெருமையா சொல்லுவாரு. இப்ப முப்பத்தஞ்சுல நிக்குது. மிஷினைத் திருத்துனேன் திருத்துனேன்னு..."

அங்கே நிறுத்தினாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒரு அறையில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் புரிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எந்திரம் ஒருநாளும் தப்பாக எண்ணவில்லை. என் அடி பாதியாகக் குறைந்திருந்தது, அதை மாதாமாதம் உடனுக்குடன் பதிந்து வந்தவன் நானேதான்.

டாக்டர் செல்போனை வாங்கி அந்த முப்பத்தைந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு நாள் இருங்க. தண்ணி மறுபடி ஊறட்டும். பழைய பில்டிங்ல சிமெண்டுத் தரை இருக்கு. அங்க பார்ப்போம்."

அந்த இரண்டு நாளில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூர்க்காரர், லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடுமேன். லோடுக்கு மேலிருந்து விழுந்து தலையில் அடி. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அவர் மனைவி பகலெல்லாம் அவர் காதோரம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பார். எந்தக் கம்பெனியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டில் சடங்கு. எங்களுக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு இருக்கா தாயி?" என்று ஜெயாவிடம் கேட்டார்.

"அது மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதுவும் விட்டு விட்டு வருது."

"விட்டு விட்டு வந்தா என்ன. வருதுல்ல."

ஜெயா அந்தம்மாவின் முடியை அவிழ்த்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். மறுநாள் விடியும்போது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். பிளாஸ்க் மட்டும் எங்கள் ஜன்னலில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முருகேசன் பிறகு சாத்தூரில் விசாரித்துப் பார்த்தான், வீடு கிடைக்கவில்லை.

சிமெண்டுத் தரையில் நடந்த டெஸ்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதல் நடையில் கால் கிளம்பவே இல்லை. பிசியோதெரபிப் பெண் ஒரு கையையும் ஜெயா ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். என் கண்கள் தரையில் ஒரு கோட்டைத் தேடின. ஒரு விரிசல்கூட இல்லை. தூரத்தைக் கடந்தபோது என் வேட்டி நனைந்திருந்தது. அந்தப் பெண் இந்தத் தடவை சூப்பர் என்று சொல்லவில்லை, வேகமாக எழுதிக்கொண்டாள். ஊசி போட்டு, படுக்க வைத்து, சாயங்காலம் அதே இடத்தில் நிறுத்தினார்கள். வலது காலை எடுக்க நினைத்தேன். எடுத்துவிட்டது. நினைத்ததும் எடுத்துவிட்டது. கோடு கிடையாது, பிடித்த கை கிடையாது. பாதி தூரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். ஜெயா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப எந்தக் காப்பி?" என்றேன். சொல் உடனே வந்தது.

"நடங்க, பேசாம நடங்க" என்றாள்.

அடுத்த நாளே அந்தத் தெம்பு போய்ப் பழையபடி ஒட்டிக்கொண்டேன். திரவம் மறுபடி தேங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு சாயங்காலம் மட்டும் மனிதனாக இருந்துவிட்டு மறுபடி இறங்குவது, இறங்கியே கிடப்பதைவிடக் கொடுமை.

ஆபரேஷன் பற்றி: தலையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. மூளை அறைக்குள் ஒரு மெல்லிய டியூப். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒரு வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே டியூப் இறங்கி வயிற்றுக்குள் வடியும். வயிறு அதை உறிஞ்சிக்கொள்ளும். அணைக்கு ஒரு தனி மடை வெட்டியதுபோல. பணத்துக்கு முதலாளி உதவினார், முருகேசன் உதவினான். எவ்வளவு என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்கும் அளவுக்கு அப்போது எனக்குக் கணக்கும் வராது.

ஆபரேஷனுக்குப் பிந்திய இரவுகளில் நான் எங்கோ இருந்தேன். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. தாள்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன, எல்லாம் ஐப்பசி, எதிலும் அமாவாசை இல்லை. நிறுத்துங்கள் என்று கத்தினேனாம். நர்ஸ்கள் கையைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். விடிந்து நினைவு வந்தபோது கட்டிய துணிக்கடியில், மணிக்கட்டு அறுபடாமல் இருக்க, ஜெயாவின் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. அவள் வெளியே வராந்தாவில், கறுப்புக் கோடு போட்ட அந்த டைல்ஸ் மேல், பேப்பர் விரித்துப் படுத்திருந்தாள்.

நடை திரும்பி வந்தது. முழுசாக இல்லை. சொல்லும் வந்தது. மூன்றாம் மாதம் எடைமேடை வரை போய் வந்தேன். செல்போனைப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டரும் சொச்சமும் என்றது. நடந்தது இரண்டு. அது இன்னும் முப்பத்தைந்தை வைத்தே பெருக்கிக்கொண்டிருந்தது. கை தானாக உள்ளே போயிற்று, திருத்த. ஜெயா பிடுங்கிக்கொண்டாள்.

"தொட்டீக, கொன்னுருவேன்."

அவள் சொன்னது சரி. வால்வு அடைத்துக்கொள்ளலாம், டியூப் நகரலாம், வீட்டில் நடையைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அடி நீளமாக இருக்கும்வரை செல்போன் தூரத்தைக் குறைத்துச் சொல்லும். அடி சுருங்கச் சுருங்க அது இரண்டை நோக்கி ஏறும். அது பொய் சொல்கிறவரை நான் சௌக்கியம். தினமும் காலையில் நான் திரும்பியதும் ஜெயா கையை நீட்டுவாள். பார்ப்பாள். காபி தருவாள். ஐந்து மாதம் இப்படித்தான் ஓடியது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியை அந்த நிம்மதியில்தான் எழுதினேன்.

போன வாரம் அது கொஞ்சம் ஏறியது. மழை பெய்திருந்தது, சேறு, அதனால் சின்னச் சின்னதாக வைத்திருப்பேன் என்றேன். ஜெயா காபி தந்தாள். முந்தாநாள் இன்னும் ஏறியது. சேறு காய்ந்திருந்தது.

இன்று காலை எடைமேடைக்குப் போய்த் திரும்பி, தெருமுனையில் மூடியிருந்த கடைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றரையைத் தாண்டியிருந்தது. பதிவைத் திறந்து திருத்துவதற்கு மூன்று பட்டனை அமுக்கினால் போதும். ஒன்று என்று போட்டால் காபி கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கறி கிடைக்கும், சீசன் முடியும்வரை அச்சகத்தில் இருக்கலாம், அவள் இன்னும் கொஞ்ச நாள் தரையில் படுக்க வேண்டாம். கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாகப் போயின. உள்ளே பெண்கள் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டு போனார்கள்.

எழுந்து வந்து, இருந்தது இருந்தபடி அவள் கையில் கொடுத்தேன்.

பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏலே முருகேசா, ஆளை இறக்கிவிட்டுட்டு அப்படியே வா. ஆமா, மதுரைதான். இல்ல, விழல. நல்லாத்தான் இருக்காரு. வா நீ."

பிறகு அலமாரியிலிருந்து பையை இறக்கினாள். அதில் என் வேட்டிகள் ஏற்கெனவே மடித்திருந்தன. முந்தாநாளே மடித்திருக்கிறாள். சாத்தூர்க்காரம்மாவின் பிளாஸ்கைக் கழுவி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வேன் வருவதற்குள் இதை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சொற்கள் வருகின்றன, கொஞ்சம் தாமதமாக. தெருவில் ஹாரன் சத்தம் கேட்கிறது. அங்கே போனதும் நேரே சிமெண்டுத் தரைக்குத்தான், டைல்ஸ் பக்கம் திரும்பக்கூடாது என்று ஜெயா அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொல்கிறாள்.